கம்பம் பிடித்த கை

படம் அத்தனை தெளிவாக இருந்ததுதான் கயித்தானுக்கு முதலில் உறுத்தியது.

அக்கா தெக்லாவின் வீட்டுச் சுவர் முழுக்கக் குடைமாமா நின்றுகொண்டிருந்தார். நூலில் ஆடுகிற பொம்மை. கிழிந்த குடைகளைத் தைத்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு, தோளில் எப்போதும் ஒரு காக்கா. எழுபது வருசத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கொழும்பு டி.வி.யில் வந்த பிள்ளைகள் நிகழ்ச்சி அது. அந்தக் காலத்தில் குடைமாமாவின் முகத்தில் மூக்கு எது, வாய் எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. திரை முழுக்க அரிசியை வாரி இறைத்தமாதிரி புள்ளி பறக்கும். கடலைத் தாண்டித் தூத்துக்குடிக்கு வந்து சேர்கிற படம் வேறு எப்படி வரும்? இப்போதோ காக்காயின் இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல இருந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தானமாட்டுக்குத்தான் முதலில் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது கயித்தானின் கட்சி. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கி இறக்கித் தொண்டை கரகரத்துப் போன மனுசர். கையெழுத்துக் கேட்டால் காகிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

தெக்லாவின் மகன் கனடாவிலிருந்து அனுப்பிவைத்த சாமான் இது. ‘மீள்திரை’ என்று பேர். சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. சின்ன வயதில் பார்த்ததை எல்லாம் அப்படியே திருப்பிக் காட்டுமாம். பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று ராப்பகலாக எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கைக் கயித்தானுக்குப் பிடிக்கவே இல்லை.

“எக்கா, இந்தாளு எப்பத்துலருந்து தமிழ் பேசுதாரு?”

தெக்லா பட்டையைச் சரிசெய்துகொண்டாள். “எப்பவும் தமிழ்லதான பேசுவாரு.”

“மண்ணாங்கட்டி. அது சிங்களம். நமக்கு ஒரு எழவும் வெளங்காது. நீதான் வாய்க்கு வந்தபடி கதை கட்டிச் சொல்லுவ. அந்தக் காக்காய்க்குக் கருவாட்டுக்கள்ளின்னு பேரு வச்சதே நீதான்.”

“போல. அதுக்குப் பேரே அதான். இப்பங்கூடச் சொன்னாரே, காது கேக்கலையா ஒனக்கு?”

சொன்னார்தான். கயித்தானும் கேட்டார். பன்னிரண்டு வயதில் அக்கா சும்மா வைத்த பட்டப்பேர் கொழும்புப் பொம்மையின் வாய்க்குள் எப்படிப் போய் உட்கார்ந்தது? யோசித்துக்கொண்டே காப்பியை உறிஞ்சும்போதுதான் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

“அம்மைக்கு இந்தக் காக்கான்னா உசுரு. எம் பக்கத்துல உக்காந்து, எந்தலையில கைய வச்சிக்கிட்டு, அப்பிடிச் சிரிப்பா.”

“யாரு?”

“அம்மை.”

“எந்த அம்மை?”

“நமக்கு எத்தன அம்மைல இருந்தா? சாயங்காலமே குடிக்கத் தொடங்கிட்டியா?”

கயித்தான் தம்ளரைக் கீழே வைத்தார்.

அம்மா சலேத்தம்மாள் ஒரு நாளும் உட்கார்ந்து குடைமாமாவைப் பார்த்தவள் இல்லை. அப்பா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். அவர் அங்கிருந்து கொண்டுவந்த டி.வி.தான் தெருவுக்கே முதல் டி.வி. அதற்காக இதே வீட்டின் மொட்டை மாடியில் தென்னைமர உசரத்துக்கு இரும்புக் குழாயில் ஆன்டெனாக் கம்பம் நட்டார்கள். நட்டால் போதுமா? சாயங்காலக் கடல்காற்று அதை ஒரு இடத்தில் நிற்கவிடாது. கம்பம் கோயில் பக்கம் திரும்பினால் படம் போய்விடும், கடல் பக்கம் திரும்பினால் வரும். ஆகவே வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா மாடிக்குப் போய்க் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். அங்கிருந்து, “ஏளா, தெரியுதா?” என்று சத்தம் கொடுப்பாள். கூடத்தில் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் தெக்லா, “போச்சும்மா!” என்றோ “நில்லு, நில்லு, அசையாத!” என்றோ பதில் கத்துவாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா இறங்கி வந்து சோறு பிசைந்து உருட்டிக் கொடுப்பாள். எத்தனை கழுவினாலும் போகாது. மீன்குழம்பையும் மீறிக்கொண்டு அந்தக் கையில் துருவேறிய இரும்பு வாசம் அடிக்கும். கயித்தான் அப்போது ஏழு வயசுப் பயல். வெள்ளிக்கிழமைச் சோறு என்றால் அப்படித்தான் மணக்கும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பதினைந்து வயதாகும்போது அம்மா போய்விட்டாள். மிச்சம் இருப்பது ஒரு கல்யாணப் படம். அவள் சத்தம் எந்த நாடாவிலும் பதிவாகவில்லை. அந்த “ஏளா, தெரியுதா?” கயித்தானின் காதுக்குள் மட்டும்தான் இருந்தது. அக்காவின் காதுக்குள்ளும் இருந்தது, போன மாதம் வரைக்கும்.

“எக்கா, அம்மை மாடியில கம்பம் பிடிச்சிட்டு நின்னால்லா?”

“எதுக்குப் பிடிக்கணும்? படந்தான் கண்ணாடி கெணக்கா வருமே.” தெக்லா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “ஒனக்கு அப்ப ஏழு வயசுல. என்னத்த ஞாபகம் இருக்கப் போவுது? டாக்டர்ட்ட ஒரு நட போயிட்டு வா.”

கயித்தான் நேரே லெயோன் வீட்டுக்கு நடந்தார். லெயோனும் அந்தக் கூடத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவன்தான். அவனிடமும் அந்தப் பெட்டி இருந்தது. நெற்றியில் பட்டையின் தடம் பதிந்திருந்தது.

“சலேத்தக்காவா? நடுவுல உக்காந்திருப்பாவ. எங்களுக்கெல்லாம் முறுக்கு குடுப்பாவ” என்றான் லெயோன். “எப்பிடிச் சிரிப்பாவ தெரியுமா?”

“கம்பம்?”

“என்ன கம்பம்?”

“காத்துல அம்மை சீல பறக்கும். நீதாம்ல வெளிய ஓடிப் போயி அண்ணாந்து பாத்துட்டு வந்து, ‘சலேத்தக்கா கொடி ஏத்துதாவ’ன்னு சொல்லுவ.”

லெயோன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “நானும் சொல்லுதேன், ஒங்க அக்காவும் சொல்லுதா. ரெண்டு பேரும் பொய், நீ ஒருத்தன் அரிச்சந்திரன். அப்பிடித்தான?”

திரும்பி வரும் வழியில் கயித்தானுக்கு முதல் தடவையாகப் பயம் தட்டியது. ஒருவேளை அம்மா உட்கார்ந்துதான் இருந்தாளோ? நாமாக எதையோ கட்டிக்கொண்டு அழுகிறோமோ? ஊர் முழுக்க ஒரே மாதிரி சொன்னால் பைத்தியக்காரன் யார் என்று கேட்கத் தேவையில்லை.

அக்காவின் பெட்டியில் கோளாறு என்று பொய் சொல்லி மீள்திரைக் கம்பெனிக்குப் பேசினார். மறுநாளே ஒரு பெண் வந்தாள். ஷர்மதா என்று பேர், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானுங்கய்யா இருக்குது” என்றாள். தெக்லா கோயிலுக்குப் போயிருந்தாள். கயித்தான் கதவைச் சாத்திவிட்டு விசயத்தைக் கேட்டார்.

அந்தப் பெண் மழுப்பவில்லை. அதற்காக அவளை அவர் கொஞ்சம் மதித்தார்.

“அந்த நிகழ்ச்சியோட ஒரிஜினல் டேப்பு உலகத்துலயே இல்லீங்கய்யா. எப்பவோ அழிச்சுட்டாங்க. பார்த்தவங்க மனசுல இருக்கறத வெச்சுத்தான் நாங்க திரும்பச் செய்யறோம். பட்டை கட்டிட்டு நினைச்சுப் பார்த்தா, கண்ணுல நின்னதும் காதுல நின்னதும் பெட்டிக்கு வரும். நூறு பேர்கிட்ட வர்றதத் தைச்சு ஒண்ணாக்கிடுவோம்.”

“அதான் எங்கக்கா விட்ட கதையெல்லாம் பொம்மை பேசுதா?”

“இருக்கலாமுங்க.”

“சரி. எங்கம்மையைக் கீழ எறக்கினது யாரு?”

அவள் சிரிக்கவில்லை. “யாரும் வேணும்னு செய்யலீங்க. ஒரு விசயத்த ஒவ்வொரு தடவை நினைக்கறப்பவும் மனசு அதைப் புதுசா எழுதுது. படம் இவ்வளவு தெளிவா இருந்துச்சுன்னு மனசு நம்பிடுச்சுன்னா, அப்ப ஆன்டெனா திருப்ப ஆள் எதுக்கு? அந்த ஆளுக்கு மாடில வேலை இல்லை. ஆனா அந்த வீட்டுல அம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்க. அவங்கள எங்கயாவது உக்கார வைக்கணுமில்லீங்களா? பக்கத்துல உக்கார வெச்சுடுது.”

“தேர் இல்லன்னு சாமியைத் தெருவுல எறக்கின கதையால்ல இருக்கு.”

“இதுக்கு முன்னாடியெல்லாம் அக்கா அம்மாவ நினைச்சா என்ன பண்ணுவாங்க?”

“அழுவா.”

“இப்ப?”

கயித்தானுக்குச் சொல்ல மனசில்லை. “சிரிக்கா” என்றார்.

“அப்புறம் என்னங்கய்யா?”

 அந்தக் கேள்வியில் அவருக்குக் கோபம் வந்தது. “அவ சிரிக்கது எங்கம்மையப் பாத்து இல்ல பிள்ள. ஒங்க பெட்டி பெத்த அம்மையப் பாத்து. எங்கம்மை கையில கொப்பளம் போட்டுச்சு. அது எங்க போச்சு?”

அவள் பட்டையை எடுத்து நீட்டினாள். “நீங்க பட்டையக் கட்டிட்டு ஒரு தடவை உக்காந்து நினைச்சீங்கன்னா, அந்த மாடி, கம்பம் எல்லாம் நாங்க சேர்த்துடலாம். எல்லாருக்கும் சரியாயிடும்.”

“திருடங்கிட்டயே சாவியக் குடுத்துட்டுப் பூட்டு பத்திரமான்னு கேக்கச் சொல்லுத.”

“உங்க இஷ்டமுங்க.”

“அந்தப் பச்ச வெளக்கு எதுக்கு? நாம பேசுதத அது கேக்குதா?”

“கேக்குமுங்க. எங்க சிரிக்கறீங்க, எங்க பேசறீங்கன்னு தெரிஞ்சாத்தானே நல்லாச் செய்ய முடியும்? அக்கா பையன் சம்மதம் குடுத்திருக்காருங்க.”

“மோந்தும் பாக்குமா?”

இதற்கு அவள் சிரித்துவிட்டாள். “வாசம் எங்களுக்கு இன்னும் வரலீங்கய்யா. படமும் சத்தமும் மட்டுந்தான்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கயித்தான் வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போனார். அவள் பட்டையைக் கட்டிக்கொண்டு சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குடைமாமா சுத்தமான தமிழில் காக்காயை வைதுகொண்டிருந்தார். கயித்தான் மாடிப்படியில் ஏறினார். முழங்கால் இரண்டும் ஏசின. ஏசட்டும் என்று ஏறினார்.

கம்பத்தை எப்போதோ அறுத்து எடுத்துவிட்டார்கள். கைப்பிடிச் சுவரில் அதைப் பிடித்து நிறுத்திய இரும்பு வளையம் மட்டும் சுண்ணாம்புக்குள் புதைந்து, பொருக்குப் பொருக்காகத் துருவேறிக் கிடந்தது. இருக்குமா இருக்காதா என்று பயந்துகொண்டேதான் வந்திருந்தார். இருந்தது. அப்படியானால் கம்பமும் இருந்தது. கம்பம் இருந்தால் பிடித்தவளும் இருந்தாள்.

இரண்டு கையாலும் வளையத்தை இறுக்கிப் பிடித்தார். கடல்காற்று சட்டைக்குள் புகுந்தது. படிவாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மா இழுக்கிற மாதிரியே இழுத்துச் சத்தம் கொடுத்தார்.

“ஏளா, தெரியுதா?”

கீழே குடைமாமா பேசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஏளா! தெரியுதாளா?”

“போச்சும்மா!” கீழேயிருந்து கூச்சல் வந்தது. “கோயில் பக்கம் போயிட்ட! கடல் பக்கம் திருப்பு! கடல் பக்கம்!”

எண்பத்தியொரு வயதுக் கிழவியின் தொண்டையில் பன்னிரண்டு வயசுப் பிள்ளை கத்தியது. அதன்பிறகு வீடு அமைதியாகிவிட்டது. குடைமாமாவின் குரலும் நின்றுபோயிருந்தது.

கயித்தான் இறங்கி வந்தபோது தெக்லா படியடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டை நெற்றியிலிருந்து நழுவி ஒரு காதில் தொங்கியது.

“நா ஏன்ல அப்பிடிக் கத்துனேன்?”

அவர் உள்ளங்கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். செம்பழுப்பாகத் துரு அப்பியிருந்தது. அவள் குனிந்து மோந்தாள். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு அழுதாள். முன்னால் எப்படி அழுவாளோ அப்படியே, தோள் குலுங்க.

“அம்மை மேலயால நின்னா? ஒரு நாளும் கீழ வரலையால அவ?”

“வரல.”

“எம் பக்கத்துல உக்காந்தான்னு நா...”

“சரி விடு.”

ஜெயித்தாயிற்று. ஆனாலும் கயித்தானுக்குச் சோறு இறங்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவளை அழ வைத்துவிட்டு வந்திருக்கிறோம். இதற்கு என்ன பேர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெக்லா பெட்டியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள் என்று மட்டும் கேள்விப்பட்டார். அணைக்கத் தெரியாததால் அப்படியே போட்டிருக்கிறாள். பச்சை விளக்கு பரண்மேல் இருந்து எரிந்தது.

அடுத்த வாரம் லெயோன் தன் வீட்டு வாசலிலேயே அவரை மறித்தான். கண் கலங்கியிருந்தது.

“மன்னிச்சிருடே. நீ சொன்னதுதான் சரி. சலேத்தக்கா மாடியிலதான் நின்னாவ. கம்பம் பிடிச்சாவ. எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துட்டு.”

கயித்தானுக்குச் சந்தோசம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. “எப்பிடி வந்துச்சு?”

“வந்து பாரு.”

லெயோன் வீட்டுச் சுவரில் குடைமாமா குடை தைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று படம் கலங்கியது. புள்ளி பறந்தது. மேலே எங்கிருந்தோ, வீட்டுக் கூரைக்கு மேலிருந்து வருகிற மாதிரி, ஒரு சத்தம் வந்தது. “ஏளா, தெரியுதா?” புள்ளி அடங்கிப் படம் மறுபடி தெளிந்தது. லெயோன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“புதுசாச் சேத்திருக்கானுவ. எட்டயபுரத்துல எங்க சகலை இருக்காம்லா, அவனும் பாத்துட்டு அழுதானாம். அவங்கம்மையும் மாடியில நின்னாளாம்.”

“அவன் வீட்டுல அப்ப டி.வி.யே கெடையாதே.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவனுக்கு ஞாபகம் இருக்கு.”

கயித்தானுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. “இன்னொரு தடவ போடு” என்றார். லெயோன் போட்டான். சத்தம் வந்தது. ‘தெரியுதா’வின் கடைசியில் குரல் பிளந்து கரகரத்தது. நிலக்கரித் தூசி தின்ற தொண்டை.

“லெயோனு, இது என் சத்தம்லா.”

“போடே கிறுக்கா. இது சலேத்தக்கா சத்தம். நா கேட்டு வளந்த சத்தம்.”

வேகமாக அக்கா வீட்டுக்குப் போனார். பெட்டி பரணிலிருந்து இறங்கியிருந்தது. “அம்மை வந்திருக்கான்னு லெயோன் சொன்னாம்ல. அதான் எறக்குனேன்” என்றாள் தெக்லா, குற்றம் செய்த பிள்ளைபோல. “அதே சத்தம். அம்மை சத்தமேதான்.”

“நல்லாத் தெரியுமா ஒனக்கு?”

“அம்மை சத்தம் தெரியாதா எனக்கு?”

கயித்தான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பட்டை கட்டாத நெற்றி. ஒரு நாளும் அந்தச் சனியனைக் கட்டியதில்லை. தன் மண்டைக்குள் இருப்பது பத்திரம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அம்மா கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தார். மாடி வந்தது. காற்று வந்தது. பறக்கிற சேலை வந்தது. அம்மா வாயைத் திறந்தாள்.

கரகரவென்று அவருடைய சத்தம்தான் வந்தது.

மறுபடியும் பார்த்தார். மறுபடியும் அதேதான். அம்மாவின் குரல் மெல்லியதா, கட்டையா? ஒன்றுமே பிடிபடவில்லை. அதை அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. அவரே மாடியேறிப் போய், அவர் வாயாலேயே, அதன்மேல் தன் சத்தத்தை அப்பிவிட்டு வந்திருக்கிறார். சும்மா கேட்டுக்கொண்டிருந்தது பெட்டி.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் மாடிக்குப் போனார். வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தால் அந்தப் பழைய சத்தம் எங்கிருந்தாவது வந்துவிடாதா என்று இருந்தது. வாயைத் திறந்தார். கீழே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். காற்று அடங்குகிற வரைக்கும் பேசாமல் நின்றுவிட்டு, உள்ளங்கையைத் துருவில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்.

தெக்லா சோறும் சாளைமீன் குழம்பும் வைத்திருந்தாள். “கையக் கழுவிட்டு உக்காரு” என்றாள். அவர் கழுவவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சோற்றைப் பிசைந்து, உருட்டி, அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினார்.

“என்னல இது, புதுப் பழக்கம்?” என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். இரண்டு மெல்லு மென்றாள். தாடை நின்றது. கண் விரிந்தது.

“ஏல, கயித்தான், இது...”

அவர் துருப்பிடித்த விரலை உதட்டின்மேல் வைத்தார். கண்ணால் பெட்டியைக் காட்டினார். பச்சை விளக்கு கண்கொட்டாமல் எரிந்துகொண்டிருந்தது.

தெக்லா பெட்டியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு மறுபடியும் வாயைத் திறந்தாள். பேசுவதற்கு இல்லை, அடுத்த உருண்டைக்கு.